இதைக் கேளுங்கள் என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

உலகெங்கும் உள்ள இசைச் செயலிகளில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லட்சம் புதிய பதிவுகள் ஏறுகின்றன என்பது லூமினேட் என்ற தரவு நிறுவனம் அண்மை ஆண்டுகளாகச் சொல்லிவரும் கணக்கு. பாட்டுக்கு மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு நாள் வரவைக் கேட்டு முடிக்க இருநூறு நாள்களுக்கு மேல் தூங்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். 2015 ஜூலை 10 முதல் புதிய இசைத்தொகுப்புகளை வெள்ளிக்கிழமைகளில் வெளியிடுவது என்று இசைத்துறை உலக அளவில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டது. தமிழ்ப் படங்கள் வருவதும் வெள்ளிக்கிழமைதான். படத்தைப் பற்றி அன்று மதியத்துக்குள் பத்துப் பேராவது காமிராவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அதே நாளில் வந்த ஓர் இசைத்தொகுப்பைப் பற்றித் தமிழில் ஒரு பத்தி படிக்க வேண்டுமென்றால் தேடித் தேடிக் கண் பூத்துப்போகும்.

நமக்குப் புதிய இசைக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. தன் பெயரைப் பணயம் வைத்து ‘இதைக் கேள், அதை விடு’ என்று சொல்லும் ஆள்களுக்குத்தான் பஞ்சம். அந்தக் காலியிடத்தைச் செயலிகள் நிரப்பிவிட்டன என்று பலரும் நினைக்கிறார்கள். நிரப்பவில்லை என்பது என் கட்சி. எப்படி என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1930களில் ஆனந்த விகடனில் ‘ஆடல் பாடல்’ என்ற பகுதியை ‘கர்நாடகம்’ என்ற பெயரில் எழுதியவர் கல்கி. சபாவுக்குப் போக வசதியில்லாத, ராகத்தின் பெயர் தெரியாத வாசகருக்கும் கச்சேரியில் என்ன நடந்தது என்று புரியும்படி எழுதினார். வித்வானுக்குக் கோபம் வருமே என்று பேனாவை மடக்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. அவருக்குப் பின் சுப்புடு (1917–2007). டெல்லியில் அரசுப் பணியில் இருந்துகொண்டே அரை நூற்றாண்டுக்கு மேல் எழுதினார். அவர் அரங்கில் நுழைந்தால் மேடையில் இருப்பவருக்கு வியர்க்கும் என்பார்கள். இருவரும் பெரிய ஆள்கள். ஆனால் இருவரும் முதன்மையாக எழுதியது மேடையைப் பற்றி. கச்சேரி விமர்சனம் நடந்து முடிந்த ஒன்றைப் பற்றியது. வாசகர் அதை இனிக் கேட்க முடியாது, விமர்சகர் சொன்னதே வேதம். பதிவைப் பற்றிய விமர்சனம் வேறு வகை. படித்த கையோடு கேட்டுப் பார்க்கலாம், எழுதியவரின் காது சரியா என்று சோதிக்கலாம். தமிழில் இசை விமர்சனம் முதல் வழியில் நன்றாக வளர்ந்தது. இரண்டாவது வழியில் நடை பழகவே இல்லை.

அந்த வேலையை எழுத்துக்கு வெளியே வேறு சிலர் செய்தார்கள். முதலில் சொல்ல வேண்டியது இலங்கை வானொலி. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் ரசனையைக் கெடுக்கின்றன என்று கருதி அகில இந்திய வானொலியில் அவற்றுக்கான இடத்தைச் சுருக்கினார். கேட்பவர்கள் ரேடியோவின் முள்ளைக் கொழும்பு பக்கம் திருப்பிவிட்டார்கள். அதே ஆண்டு இறுதியில் அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ இலங்கை வானொலியில் தொடங்கி, இந்திப் பாடல்களை வாரந்தோறும் வரிசைப்படுத்தியது. இசைத்தட்டுக் கடைகளின் விற்பனையும் நேயர் சங்கங்களின் கடிதங்களும் அந்த வரிசைக்கு அடிப்படை. டெல்லி இறங்கிவந்து விவித பாரதியைத் தொடங்க 1957 அக்டோபர் ஆயிற்று.

இலங்கை வானொலித் தமிழ்ச் சேவையின் கதை இதைவிடச் சுவையானது. மயில்வாகனன், பி. எச். அப்துல் ஹமீத் போன்ற அறிவிப்பாளர்கள் திரைப்பாடல்களை அறிமுகப்படுத்திய விதத்தைத் தமிழ்நாட்டின் தென்கோடிக் கிராமங்களில் இன்றும் பேசுவார்கள். ‘பொங்கும் பூம்புனல்’ நிகழ்ச்சி ஒலிக்காமல் அன்று அங்கே பொழுது விடிந்ததில்லை. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ போன்ற பொப் பாடல்களுக்கும், ஈழத்துக் கவிஞர்களின் மெல்லிசைப் பாடல்களுக்கும் அந்த வானொலியில் இடம் இருந்தது. எம்.எஸ்.வி. பாட்டுக்குப் பக்கத்திலேயே யாழ்ப்பாணத்துப் பையன் கிதாரோடு பாடிய பாட்டும் வந்தது. படமில்லாத பாட்டும் பாட்டுத்தான் என்று தமிழர்களுக்குச் சாதாரணமாக உணர்த்திய நிறுவனம் அநேகமாக அது ஒன்றுதான்.

அடுத்து எண்பதுகளின் ரெக்கார்டிங் சென்டர்கள். வெற்று கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு நாளில் பதிந்து வைத்திருப்பார்கள். அறுபது நிமிட நாடாவில் பட்டியல் முடிந்த பிறகும் மூன்று நான்கு நிமிடம் மிஞ்சும். அந்த மிச்சத்தில் கடைக்காரர் தன் விருப்பத்துக்கு ஒரு பாட்டைப் போட்டுவிடுவார். பெரும்பாலும் நாம் கேள்விப்படாத படத்திலிருந்து. சில கடைகளில் 1986இல் வந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பிலிருந்தும். வாடிக்கையாளரின் பட்டியலைப் படித்து, இவருக்கு இது பிடிக்கலாம், பிடிக்காவிட்டாலும் குடிமுழுகாது என்று ஒரு மனிதர் எடுத்த முடிவு அது. பதிப்புரிமைச் சட்டப்படி அந்தத் தொழிலே குற்றம். ரசனையின் கணக்கில் அது தமிழ்நாட்டின் மிகப் பரவலான பரிந்துரைச் சேவை. 2000களில் தனியார் பண்பலைகளும் சன் மியூசிக் போன்ற சேனல்களும் வந்தபோது பாட்டு இருபத்துநான்கு மணி நேரமும் கிடைத்தது. அந்த மிச்ச நான்கு நிமிடம் காணாமல் போயிற்று.

இந்த இடத்தில் ஒரு பரிசோதனையைச் சொல்ல வேண்டும். 2006இல் மாத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகியோர் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டது. பெயர் தெரியாத இசைக்குழுக்களின் 48 பாடல்களை 14,000க்கும் மேற்பட்டவர்களிடம் இணையம் வழியாகக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினருக்குப் பாடலைத் தவிர வேறு எதுவும் தெரியாது. மற்றவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அவரவர் உலகில் எந்தப் பாட்டை எத்தனை பேர் தரவிறக்கினார்கள் என்று மட்டும் காட்டினார்கள். ஒவ்வோர் உலகிலும் வேறு வேறு பாடல்கள் முன்னுக்கு வந்தன. மிகச் சிறந்தவை என்று கருதப்பட்டவை அடியோடு தோற்றது அரிது, மிக மோசமானவை பெரிதாக வென்றதும் அரிது. நடுவில் இருந்த பெருங்கூட்டத்துக்கு மட்டும் எது வேண்டுமானாலும் நடந்தது. அடுத்தவர் கேட்டார் என்பதால் நாம் கேட்கிறோம். நாம் கேட்டோம் என்பதால் அடுத்தவர் கேட்கிறார். ‘பத்துக் கோடிப் பார்வைகள்’ என்று போஸ்டர் அடிப்பவர்களுக்கு இந்த ஆய்வைப் படிக்காமலே இது தெரிந்திருக்கிறது.

இனிச் செயலிகளுக்கு வருவோம். ஸ்பாட்டிஃபை 2015 ஜூலையில் ‘டிஸ்கவர் வீக்லி’யைத் தொடங்கியது: திங்கள்தோறும் அவரவர்க்கென 30 பாடல்கள். இந்தியாவுக்கு அந்த நிறுவனம் வந்தது 2019 பிப்ரவரியில். இதன் அடிப்படை எளிது. உங்களைப் போல் கேட்கும் ஆயிரம் பேரைக் கண்டுபிடித்து, அவர்கள் கேட்டு நீங்கள் கேட்காததை எடுத்துத் தருவது. இதில் பிறவிக் குறை ஒன்று உண்டு. நேற்று வெளிவந்த பாட்டை யாருமே கேட்டிருக்க மாட்டார்கள்; கேட்டவர்கள் இல்லாத பாட்டை இந்த முறையால் யாருக்கும் நீட்ட முடியாது. புதியதைப் பரிந்துரைக்கும் இயந்திரம் தடுக்கி விழுவது புதியதில்தான். அதைச் சரிக்கட்ட ஒலியையே அலசிப் பார்க்கிறார்கள். ஸ்பாட்டிஃபை 2014இல் வாங்கிய எக்கோ நெஸ்ட் நிறுவனம் ஒவ்வொரு பாட்டுக்கும் வேகம், ஆற்றல், ஆடத் தோன்றும் தன்மை, மகிழ்ச்சி என்று மதிப்பெண் போட்டது.

மேற்கத்திய பாப் இசைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. தாளமே இல்லாத ஒரு தோடி ஆலாபனைக்கு நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று கேட்டால் என்ன விடை வரும்? முகாரி மகிழ்ச்சியா துக்கமா என்று நம் பாட்டிமார்களே ஒரு முடிவுக்கு வரவில்லை. தகவல் குறிப்பில் நடக்கும் குளறுபடி இன்னும் மோசம். கர்நாடக இசைத் தொகுப்புகளில் பல சமயம் பாடகர் பெயரோடு குறிப்பு நின்றுவிடுகிறது. வயலினும் மிருதங்கமும் வாசித்தவர்கள் இயந்திரத்தின் கண்ணில் பிறக்கவே இல்லை. ஒரு பதிவில் தியாகராஜர் இயற்றியவராக இருப்பார், இன்னொன்றில் கலைஞர் பட்டியலிலேயே உட்கார்ந்திருப்பார். லால்குடி ஜெயராமனின் வாசிப்பைப் பக்கவாத்தியமாகப் பின்தொடர்ந்து இருபது பாடகர்களைக் கண்டடையலாம் என்பது எந்த ரசிகருக்கும் தெரியும். செயலிக்கு அந்தக் கதவே தெரியாது.

பணத்தின் கணக்கும் இதற்குள் ஒளிந்திருக்கிறது. முப்பது வினாடி ஓடினால் ஒரு முறை கேட்டதாகப் பதிவாகும். இரண்டரை நிமிடக் குத்துப் பாட்டுக்கும் ஐம்பது நிமிட ராகம் தானம் பல்லவிக்கும் அது ஒரே ஒரு எண். 2024 முதல் பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபையில் உரிமைத்தொகையே கிடையாது. 2020இல் அறிவித்த ‘டிஸ்கவரி மோட்’ திட்டத்தில், குறைந்த உரிமைத்தொகைக்குச் சம்மதிக்கும் பாடல்களை இயந்திரம் கூடுதலாக முன்னிறுத்துகிறது. அமெரிக்க வானொலியில் தட்டு சுழற்ற லஞ்சம் வாங்கியதற்காக 1959–60இல் ஆலன் ஃப்ரீட் போன்றவர்கள் வேலையை இழந்தார்கள். அன்று மேசைக்கு அடியில் நடந்தது இன்று ஒப்பந்தத்தில் கையெழுத்தோடு நடக்கிறது. சட்டப்படி இரண்டும் ஒன்றல்ல. கேட்பவரின் இடத்தில் நின்று பார்த்தால் வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை.

ஆனாலும் தமிழில் பரிந்துரை வளராததற்குச் செயலிகள் மட்டும் காரணம் அல்ல. நாம் இசையை வகை பிரித்துக் கேட்பவர்கள் அல்லர். ராக், ஜாஸ், நாட்டார், மின்னிசை என்று கடையில் தட்டு அடுக்கும் பழக்கம் நமக்கு இல்லை; ராஜா பாட்டு, ரஹ்மான் பாட்டு, ரஜினி பாட்டு என்றுதான் அடுக்கினோம். அதில் தவறில்லை. ஒரே இளையராஜாவுக்குள் ஃபங்க்கும் கும்மியும் பாக்கின் சாயலும் இருக்கும்போது தனித்தனிப் பெட்டி எதற்கு? சிக்கல் என்னவென்றால், படத்துக்கு வெளியே எது முளைத்தாலும் படம் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். மலேசியாவின் யோகி பி & நட்சத்திரா 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பைக் கொண்டுவந்தார்கள்; அடுத்த ஆண்டே யோகி பி ‘பொல்லாதவன்’ படத்தில் இருந்தார். ஹிப்ஹாப் தமிழா 2012இல் ‘ஹிப் ஹாப் தமிழன்’ என்ற தொகுப்போடு வந்தார்கள். 2015இல் ‘ஆம்பள’ படத்துக்கு இசையமைப்பாளர்கள். சாய் அபயங்கரின் ‘கட்சி சேர’ 2024 ஜனவரியில் வந்தது. சில மாதங்களில் படங்கள் அவர் வாசலில் வரிசை கட்டின. சம்பளம் அங்கேதான் இருக்கிறது, கலைஞர்களைக் குறை சொல்லி ஆகப்போவதில்லை. ஆனால் தனி இசை என்பது சினிமாவுக்கான நுழைவுத் தேர்வாக இருக்கும்வரை, அதைக் கேட்பவர்களும் தேர்வுத் தாள் திருத்துகிறவர்களைப் போலத்தான் கேட்பார்கள்: இவன் அடுத்த அனிருத்தா, இல்லையா?

பரிந்துரைப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை யார் செய்தது என்று சரியாகச் சொல்வது. 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ தமிழில் சினிமா சாராத பாட்டு எவ்வளவு தூரம் போகும் என்று காட்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அந்தப் பாட்டின் பெயரைச் சொல்லி, அதில் பாடிய தீயும் ராப் கலைஞர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். வரிகளை எழுதிப் பாடிய அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் உட்படப் பலர் கேள்வி எழுப்பிய பிறகே அறிவுக்குத் தனி அட்டை வந்தது. தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் கதையைச் சொன்னவரின் பெயர் விட்டுப்போவதைத் தற்செயல் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை.

இரண்டாவது வேலை, கேட்பவரை எரிச்சல்படுத்தும் துணிவு. செயலி அஞ்சுவது நீங்கள் பாட்டைத் தாண்டிப் போய்விடுவதற்கு. அதனால் ஏற்கெனவே பிடித்ததன் பக்கத்து வீட்டையே காட்டும். நல்ல பரிந்துரை தெருவைத் தாண்ட வைக்கும். பரிந்துரை எழுதுகிறவர், இது யாருக்குப் பிடிக்காது என்பதையும் சேர்த்துச் சொன்னால் என் நம்பிக்கை கூடும். இவ்வளவு பேசிவிட்டு நானே சிலவற்றைச் சொல்லாமல் நழுவுவது நியாயமில்லை. அண்மை ஆண்டுகளில் வந்தவற்றிலிருந்து சில, ஒழுங்கு எதுவும் இல்லாமல்.

பிரியா ராகு சுவிட்சர்லாந்தில் வளர்ந்தவர், ஈழத்தமிழ்ப் பெற்றோரின் மகள். அண்ணன் ஜாஃப்னா கோல்ட் இசை அமைக்க, 2021இல் ‘டாம் ஷீ இஸ் தமிழ்’, 2023இல் ‘சந்தோசம்’ என்று இரண்டு தொகுப்புகள். அமெரிக்க ஆர் அண்ட் பி குரலில் தமிழ்ச் சொற்கள் திடீரென்று வந்து விழும். அலங்காரத்துக்காக அல்ல, வீட்டில் பேசுவது போல. முதலாவதில் துணிச்சல் அதிகம், இரண்டாவதில் மெருகு அதிகம். எனக்கு முதலாவது. முழுப் பாட்டும் தமிழில் வேண்டும் என்பவர்கள் ஏமாறுவார்கள்.

ஷான் வின்சென்ட் டி பால் யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ராப் கலைஞர். மிருதங்கச் சொற்கட்டின் மீது ஆங்கில ராப்பை ஏற்றி, மிருதங்கக் கலைஞர் யான்சனுடன் சேர்ந்து அவர் செய்தவை இணையத்தில் பரவின. வித்தையைக் காட்டும் அந்தத் துண்டுகளைவிட 2021இல் வந்த ‘மேட் இன் ஜாஃப்னா’ தொகுப்பு கனமானது. போரையும் புலம்பெயர்வையும் முழக்கமாக்காமல், ஒரு குடும்பத்தின் கணக்குவழக்காகச் சொல்கிறது. காரில் ஓடவிட்டுப் பேசிக்கொண்டே கேட்பதற்கு உகந்ததல்ல.

சென்னைக்குள் வந்தால், 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் முறை மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து கானா, ராப், ராக் மூன்றையும் ஒரே மேடையில் நிறுத்தினார்கள். பதிவில் கேட்பதைவிட நேரில் கேட்பது நூறு மடங்கு மேல். அதற்காகவே 2020 முதல் டிசம்பரில் நடக்கும் ‘மார்கழியில் மக்களிசை’க்கு ஒரு முறை போய்ப் பார்க்கலாம். கானா என்றால் சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுங்குகிறவர்கள் முன்வரிசையில் உட்கார வேண்டும்.

‘கட்சி சேர’யையும் சேர்க்கத்தான் வேண்டும். அதில் வரிகளைத் தேடாதீர்கள். மூன்று நிமிடத்துக்குள் ஒரு கொக்கியை எப்படி மாட்டி, விட்டு, மறுபடி மாட்டுவது என்பதில் அந்த இளைஞருக்குக் கைவந்த நேர்த்தியைக் கேளுங்கள். திப்பு, ஹரிணி இருவரின் மகன் என்பதால் வந்த வாய்ப்பு என்பார்கள். வாய்ப்பு வரலாம், அந்தத் தாளக்கட்டு அப்படி வராது.

ஜாஸ் பக்கம் போனதே இல்லை என்பவர்களுக்கு விஜய் ஐயரின் மூவர் குழு. தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோக் கலைஞர். லிண்டா மே ஹான் ஓ, டைஷான் சோரி இருவரோடும் இசிஎம் நிறுவனத்துக்காகச் செய்த ‘அன்ஈஸி’ (2021), ‘கம்பாஷன்’ (2024) இரண்டில் முதலாவதிலிருந்து தொடங்கலாம். தனியாவர்த்தனத்தைக் கைத்தாளம் போட்டுக் கேட்கிற பழக்கம் உள்ளவருக்கு இது அந்நியமாக இருக்காது. மெட்டை முணுமுணுக்க விரும்புகிறவருக்குக் கையில் ஒன்றும் அகப்படாது. ஜாஸையும் நம் இசையையும் கலந்த சக்தி குழு நாற்பத்தைந்து ஆண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் ஸ்டூடியோவில் செய்த ‘திஸ் மொமென்ட்’ (2023) கிராமி வாங்கியது. ஜாகிர் உசேனுக்காகவும் செல்வகணேஷுக்காகவும் ஒரு முறை கேட்கலாம். எழுபதுகளின் சக்தியில் இருந்த ஆபத்து இதில் இல்லை; எல்லோரும் மிகவும் பத்திரமாக வாசிக்கிறார்கள்.

இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவால் அரங்கேறியது. அதைக் கேட்டவர்களைவிடப் பாராட்டியவர்கள் பல மடங்கு அதிகம் என்பதைத் தவிர இப்போதைக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை.

கடைசியாகப் பாடகி கானவ்யா. நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்து, அரிகதை மரபில் பயின்றவர். 2024இல் வந்த ‘டாட்டர் ஆஃப் எ டெம்பிள்’ தொகுப்புக்காக ஹூஸ்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்களை ஒரு கூட்டு வழிபாடு போலக் கூட்டினார். எஸ்பரான்சா ஸ்பால்டிங், ஷபாகா ஹட்சிங்ஸ், விஜய் ஐயர் எல்லோரும் அதில் உண்டு. ஆலிஸ் கோல்ட்ரேனின் ஆன்மிக ஜாஸும் நம் பஜனை மடமும் ஒரே கூரையின் கீழ் வந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பதிவு எனக்குத் தெரிந்து இல்லை. கச்சேரிக் காதோடு அணுகினால் ஸ்வர சுத்தம் எங்கே, கணக்கு எங்கே என்று குறை காணலாம். அவர் அதைச் செய்ய வரவில்லை. 2025இல் வந்த ‘நிலம்’ இன்னும் சிக்கனமானது, ஆள் குறைவு, சத்தம் குறைவு. நிலத்தை முதலில் கேட்டு, அந்தக் குரல் பழகிய பிறகு கோயிலுக்குப் போகலாம். செயலி இதைத் தூக்கத்துக்கான பட்டியலில் கொண்டுபோய்ப் போட்டால் ஆச்சரியப்பட மாட்டேன். தூங்குவதற்கு அல்ல, நாற்பது நிமிடம் கைப்பேசியைத் தொடாமல் உட்கார முடிகிற ஒரு மாலைக்கு.